மேட்டூர் மூடியிருக்கும் நாட்கள்

ஏப்ரல் மாதத்தில் காவிரிப் பாலத்தின் மேல் நின்று பார்த்தால், சிந்தாமணிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே மணல்தான் தெரியும். அங்கங்கே கோரைப் புதர், ஓரமாக முழங்கால்கூட நனையாத ஓர் ஓடை. அந்த நாட்களிலும் திருச்சி வீடுகளின் குழாயில் தண்ணீர் வருகிறது. அது ஆற்றின் மேலே ஓடுகிற தண்ணீர் இல்லை. மணலுக்கு அடியில் ஊர்ந்து வந்த தண்ணீர்.

கரையோரமாக மேற்கே போனால் அதை எடுக்கும் இடங்கள் வரிசையாக வரும். ஆற்று மணலில் உயரமான கான்கிரீட் உருளை, அதன் தலையில் மோட்டார் அறை, கரையிலிருந்து அதற்குப் போக ஒரு குறுகிய நடைபாலம். கம்பரசம்பேட்டை, பெரியார் நகர், அய்யாளம்மன் படித்துறை, ஜீயபுரம். ‘பராமரிப்புப் பணி காரணமாக நாளை குடிநீர் விநியோகம் இருக்காது’ என்று மாநகராட்சி அறிவிக்கும்போது மட்டும் ஊர்க்காரர்கள் இந்தப் பெயர்களைக் கவனிப்பார்கள். கொள்ளிடத்து மணலிலும் இதே ஏற்பாடு உண்டு. 1994-இல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியான திருச்சி, இரண்டு ஆறுகளின் அடிவயிற்றிலிருந்தும் குடிக்கிறது. இப்படி வரும் தண்ணீருக்குப் பெரும்பாலும் குளோரின் மட்டும் சேர்த்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றிவிடுகிறார்கள். பெரிய சுத்திகரிப்பு நிலையம் செய்யவேண்டிய வேலையை ஆறே செய்துவிடுகிறது என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு சரி, அதை அவசரமாகப் பெருக்க முடியுமா என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

முதலில் அந்தக் கிணறு. கலெக்டர் வெல் என்று எல்லோரும் சொல்வதன் உடம்பு, நான்கைந்து மீட்டர் விட்டமுள்ள ஒரு கான்கிரீட் உறை. உள்ளே இருக்கும் மணலைத் தோண்டித் தோண்டி எடுக்க, உறை தன் எடையிலேயே கீழே இறங்கும். வேண்டிய ஆழம் வந்ததும் அடியை அடைத்துவிடுவார்கள். பிறகு, அடிப்பகுதிச் சுவரில் விட்டுவைத்த துளைகள் வழியாகக் கண்ணறைகள் உள்ள குழாய்களைக் கிடைமட்டமாக மணலுக்குள் தள்ளுவார்கள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நாலா பக்கமும் போகும் அந்தக் குழாய்களில் நீர் ஊறி, நடுக்கிணற்றில் சேரும். இதை வகுத்தவர் லியோ ரேனி என்ற அமெரிக்கப் பெட்ரோலியப் பொறியாளர். எண்ணெய் எடுக்க யோசித்த வழியை 1930-களில் லண்டனில் தண்ணீருக்குத் திருப்பினார். கோடையில் வற்றும், ஆனால் மணல் ஆழமாகக் கிடக்கும் காவிரி போன்ற ஆறுகளுக்கு அது அச்சாகப் பொருந்தியது.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் அதை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு போகின்றன. தீவின் நிலத்தடி நீர் இந்த இரு ஆறுகளோடும் தொடர்பில் இருக்கிறது. அதன் கிழக்கே திருவானைக்காவில், நீர்த்தலம் என்று பெயர் பெற்ற கோயிலின் தாழ்ந்த கருவறையில் ஊற்றுநீர் கசிகிறது. பள்ளமான இடத்துக்கு நிலத்தடி நீர் தானாக வருகிறது. கலெக்டர் வெல்லில் நாம் மோட்டார் வைத்து அந்தப் பள்ளத்தை உண்டாக்குகிறோம், அவ்வளவுதான்.

எவ்வளவு பள்ளம் உண்டாக்கினால் எவ்வளவு நீர் வரும்? இதற்கு விடை சொன்னவரும் ஓர் ஊரின் குடிநீருக்காக உழைத்தவர்தான். பிரான்சின் திழோன் நகரில் பிறந்த ஆன்றி டார்சி, 1840-இல் சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஊற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு, மணல் வடிகட்டிகளை எந்த அளவில் கட்டுவது என்று கணக்கிட ஒரு நீண்ட குழாயில் மணலை நிரப்பி, நீர்மட்டத்தை மாற்றி மாற்றி, எவ்வளவு ஒழுகுகிறது என்று அளந்தார். 1856-இல், திழோனின் பொதுக் குழாயடிகள் பற்றிய நூலின் பின்னிணைப்பில் முடிவை வெளியிட்டார். ஒழுகும் நீரின் அளவு, இரு முனைகளின் நீர்மட்ட வேறுபாட்டுக்கு நேர்விகிதம். மணலின் நீளத்துக்கு எதிர்விகிதம். இன்று பெட்ரோலியம் எடுப்பவர்களும் நிலத்தடி நீரை ஆராய்பவர்களும் அன்றாடம் பயன்படுத்தும் டார்சி விதி ஓர் ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளரின் பின்னிணைப்பிலிருந்து வந்தது.

கம்பரசம்பேட்டைக்கு இந்த விதி சொல்வது இது. இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டுமானால், அதே கிணற்றில் பெரிய மோட்டாரை வைத்து நீர்மட்டத்தை இரண்டு மடங்கு இறக்கலாம். தண்ணீர் வரும். ஆனால் மணலுக்குள் அது பயணம் செய்யும் நேரம் பாதியாகிவிடும். கணக்குக்காக, மணலின் ஒரு சதுர மீட்டர் வழியே நாளொன்றுக்கு 1 கன மீட்டர் நீர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மணலில் பத்தில் மூன்று பங்குதான் வெற்றிடம். ஆக, நீர் உண்மையில் நகரும் வேகம் நாளுக்கு 3.3 மீட்டர். 10 மீட்டர் தூரத்தைக் கடக்க மூன்று நாள். மோட்டாரைப் பெரிதாக்கினால் ஒன்றரை நாள். குடிநீர்க் கிணற்றைச் சுற்றி, நீர் 50 நாள் பயணம் செய்யும் தூரம் வரை எந்த அசுத்தமும் கூடாது என்று ஜெர்மனியில் விதி வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த கிருமிகள் பெரும்பாலும் அதற்குள் செத்துவிடும் என்ற கணக்கு. நமது ஆற்றுக் கிணறுகளில் அந்த அவகாசம் கிடைப்பது அரிது. கிடைக்கும் அவகாசத்தையும் குதிரைத்திறனைக் கூட்டிக் குறைத்துக்கொள்வதைத் தரம் உயர்த்தல் என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

நேரம் ஏன் அவ்வளவு முக்கியம்? மணலைச் சல்லடையாக நினைப்பதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. 0.2 மில்லிமீட்டர் மணலில், துகள்களுக்கு இடையே உள்ள சந்து ஏறத்தாழ 30 மைக்ரான். காலரா கிருமியின் நீளம் 2 மைக்ரான் அளவுதான். சல்லடையாக மட்டும் இருந்தால் மணல் அதைத் தடுக்கவே முடியாது. தடுப்பது மணலின் மேல்தோலில் உருவாகும் வழவழப்பான ஓர் உயிர்ப்படலம். பாசி, பாக்டீரியா, அவற்றைத் தின்னும் ஓரணு உயிர்கள், நுண்புழுக்கள் எல்லாம் அதில் குடியிருக்கின்றன. வரும் கிருமி அங்கே ஒட்டிக்கொள்ளும், அல்லது இரையாகும், அல்லது பட்டினியில் சாகும். லண்டனில் ஜேம்ஸ் சிம்சன் 1829-இல் செல்சியா நீர்நிலையத்துக்காக மணல் வடிகட்டி கட்டியபோது கிருமி என்ற எண்ணமே இல்லை. கலங்கலைத் தெளியவைத்தால் போதும் என்று நினைத்தார். வேலை செய்வது மேல்தோல்தான் என்று பெர்லினில் கார்ல் பீஃப்கே போன்றவர்கள் பின்னர்தான் கண்டார்கள். இந்தத் தோல் வளர நாட்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு ஆகும். பணம் கொடுத்து அதை வாங்க முடியாது.

இதை உலகம் கற்றுக்கொண்ட இடம் ஹாம்பர்க். அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

எல்பா ஆற்றின் கரையில் ஹாம்பர்க்கும் ஆல்டோனாவும் ஒட்டிப் பிறந்த ஊர்கள். நடுவே ஒரு தெருதான் எல்லை. ஹாம்பர்க் பணக்காரத் துறைமுகம், தனி ஆட்சி. அது ஆற்றின் மேல்பக்கத்தில் தண்ணீர் எடுத்து, வடிகட்டாமல் குழாயில் விட்டது. ஆல்டோனாவுக்கு இன்னும் மோசமான இடம்: ஹாம்பர்க்கின் சாக்கடையெல்லாம் கலந்த பிறகு வரும் தண்ணீர். ஆனால் அது 1859 முதல் மணலில் மெதுவாக வடிகட்டிக் குடித்தது. ஹாம்பர்க்கிலும் வடிகட்டி கட்ட வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக இருந்தது; செலவை யார் ஏற்பது என்ற வாக்குவாதத்திலேயே காலம் போயிற்று. ஒருவழியாக 1890-இல் ஒப்புதல் கிடைத்தது. 1894-இல் வேலை முடியும் என்று திட்டம்.

1892 ஆகஸ்டில் காலரா வந்தது. சில வாரங்களில் ஹாம்பர்க்கில் 16,956 பேருக்கு நோய். 8,605 பேர் இறந்தார்கள். ஆல்டோனாவில் சில நூறு பேருக்குத்தான் வந்தது, அதிலும் பலர் ஹாம்பர்க்கில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். எல்லைத் தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் சாவு, எதிர்ப்பக்கத்தில் இல்லை. ஹாம்பர்க் எல்லைக்குள் இருந்தும் ஆல்டோனாவின் குழாயிலிருந்து தண்ணீர் பெற்ற ஒரு குடியிருப்பு தப்பித்தது. ஆராய வந்த கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக்குக்கு இதைவிடத் துல்லியமான சோதனையை யாரும் ஏற்பாடு செய்து தந்திருக்க முடியாது.

பிறகு ஹாம்பர்க் அவசரப்பட்டது. 1894-க்கு வைத்திருந்த வேலையை முடுக்கி, 1893 மே மாதத்தில் ஊருக்கு வடிகட்டிய தண்ணீர் கொடுத்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதற்குச் சற்று முன்னால், அந்தக் குளிர்காலத்தில் ஆல்டோனாவில் நடந்தது. ஊரைக் காப்பாற்றிய அதே வடிகட்டிகள் தவறின. 1893 ஜனவரி, பிப்ரவரியில் அங்கே ஒரு சிறு காலரா அலை. காரணத்தைத் தேடிய கோக், கடும் குளிரில் வடிகட்டிகளைச் சுத்தம் செய்த நாட்களைக் கவனித்தார். அடைத்துக்கொண்ட மேல்தோலைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். திறந்த மணல் உறைந்துபோயிருக்கிறது. அதன் மேல் தண்ணீர் விட்டதும் சில இடங்களில் அது ஓடி இறங்கியிருக்கிறது. புதுத்தோல் வளரும் முன்பே ஊருக்குத் தண்ணீர் போய்விட்டது. அதிலிருந்து கோக் வகுத்த விதிகள் கறாரானவை. வடிகட்டும் வேகம் மணிக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. ஒவ்வொரு வடிகட்டியையும் தனித்தனியாகத் தினமும் சோதிக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் நூறு கிருமிகளுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரை ஊருக்கு விடக்கூடாது.

அந்த 100 மில்லிமீட்டரை நம் ஊர் நிலத்தில் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் வேண்டும் ஒரு சிறு பேரூர். ஆளுக்கு 135 லிட்டர் என்றால் சுமார் 7,400 பேர். மணிக்கு 100 மில்லிமீட்டர் என்பது நாளுக்கு 2.4 மீட்டர். ஆக 417 சதுர மீட்டர் மணல் தளம் வேண்டும், ஏறத்தாழ பத்து சென்ட். ஒன்றைச் சுத்தம் செய்யும்போது இன்னொன்று ஓட வேண்டுமே, அதற்கும் இடம் விடவேண்டும். மணிக்கு 5 மீட்டர் வேகத்தில் வடிக்கும் நவீன விரைவு வடிகட்டிக்கு வெறும் 8 சதுர மீட்டர் போதும், ஒரு சின்னப் படுக்கையறை. அதனால்தான் இருபதாம் நூற்றாண்டு விரைவு வடிகட்டியின் பக்கம் சாய்ந்தது. ஆனால் விரைவு வடிகட்டியில் உயிர்த்தோல் கிடையாது. அந்த வேலையைப் படிகாரம் செய்ய வேண்டும்: கலங்கல் துகள்களைத் திரட்டி, கனமாக்கி, படியவைக்க வேண்டும். நம் பாட்டிமார் ஆடி வெள்ளத்துக் கலங்கலுக்குக் குடத்தின் உட்பக்கம் தேத்தாங்கொட்டை உரசியதும் இதே வேலைதான். படிகாரத்தின் அளவு தண்ணீரின் கலங்கலுக்கு ஏற்ப மாற வேண்டும், வெள்ள நாளில் மணிக்கு மணி. அதைப் பார்க்கப் பழகிய ஆள் இல்லாவிட்டால் 8 சதுர மீட்டர் வடிகட்டி வெறும் மணல் தொட்டிதான்.

காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு ஒரு சலுகை: பத்து சென்ட் நிலத்துக்கு அலைய வேண்டாம், ஆற்றுப்படுகையே இருக்கிறது. ஹரித்வார் கங்கைக் கரையில் இப்படி எடுக்கும் 22 கிணறுகள் உலக ஆய்வாளர்கள் தேடி வந்து படிக்கும் எடுத்துக்காட்டு. ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் 1870 முதல் ரைன் கரையோரக் கிணற்று நீரைக் குடிக்கிறது. ஆனால் இந்தச் சலுகைக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது, அது மேட்டூரில் எழுதப்படுகிறது. பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. மூடியிருக்கும் காலத்தில் குடிநீருக்கென்று கொஞ்சம் விடுவார்கள், அது ஓரமாக ஓடும் ஓடைக்குப் போதும். ஆற்றுக்குள் இறங்கி உறை இறக்க, குழாய் தள்ள, தூண் பழுதுபார்க்க அந்த 135 நாள்தான். அதுவும் உறுதியில்லை. 2022-இல் மேட்டூர் நிரம்பிக்கொண்டிருந்ததால் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள்; 19 நாள் பறிபோயிற்று. விவசாயிகளுக்கு நல்ல செய்தி, ஆற்றுக்குள் கிரேன் நிறுத்தியிருப்பவருக்கு அப்படியில்லை.

135 நாள் கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. உறை நேராக இறங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. ஒரு பக்கம் கெட்டிக் களிமண் தட்டினால் சாயும், நிமிர்த்த வேண்டும். குழாய்களைத் தள்ளிய பிறகு, சுற்றியுள்ள நுண்மணலெல்லாம் வெளியேறி, தெளிந்த நீர் வரும்வரை இறைத்துக் கொட்ட வேண்டும். இந்தக் கட்டத்தில் ஒரு வாரத்தை மிச்சம் பிடித்தவர்கள், பின்னால் பல ஆண்டுகள் மோட்டாருக்குள் மணல் வருகிறது என்று புலம்புவார்கள்.

வேலை முடிந்த பிறகும் ஆறு சும்மா விடுவதில்லை. 2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் பக்கம் இருந்த பழைய கதவணையின் 45 மதகுகளில் ஒன்பது வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அது. அதே வெள்ளத்தில் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலமும் சரிந்தது. அணைக்கு வயதாகிவிட்டது என்றது அன்றைய அரசு. மணல் அள்ளியதால் ஆற்றின் தரைமட்டம் இறங்கியதே காரணம் என்றார்கள் ஆர்வலர்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது இந்த நூலின் வேலையில்லை. ஆனால் குடிநீர்க் கணக்கில் மணல் அள்ளுவது எப்படி வரவு வைக்கப்படும் என்று டார்சி சொல்லிவிட்டார். குழாய்களுக்கு மேலே 8 மீட்டர் மணல் இருந்த இடத்தில் 4 மீட்டர் ஆகிவிட்டால், பயண நேரம் பாதிக்கும் கீழே போகும். கிணற்றில் தண்ணீர் குறையாது, சொல்லப்போனால் சற்றுக் கூடவே வரும்; பொறியாளரின் பதிவேட்டில் எல்லாம் நன்றாகவே இருக்கும். வடிகட்டியின் பாதியை லாரியில் ஏற்றி வீடு கட்ட அனுப்பிவிட்டோம் என்பது எந்தப் பதிவேட்டிலும் வராது.

அவசரத்துக்கு உண்மையிலேயே ஒத்துழைப்பது ஒன்றுதான்: குளோரின். அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் தண்ணீர் சுத்தமாக இல்லை என்று தண்ணீர் கம்பெனி மீது நகரம் வழக்குப் போட, அதைச் சரிசெய்ய நீதிமன்றம் சில மாத அவகாசம் கொடுத்தது. கம்பெனி தரப்பு மருத்துவர் ஜான் லீல் சாக்கடைக் கட்டுமானத்துக்குப் பதிலாகப் பிளீச்சிங் பவுடரைத் தேர்ந்தெடுத்தார். பொறியாளர் ஜார்ஜ் ஃபுல்லர் 99 நாளில் நிலையத்தைக் கட்டி முடித்தார். 1908 செப்டம்பர் 26 முதல் பூன்டன் நீர்த்தேக்கத்திலிருந்து நாளுக்கு 4 கோடி காலன் தண்ணீர் குளோரினோடு போயிற்று. நம் ஊர்களில் தொட்டி ஆபரேட்டர் குளோரோஸ்கோப்பில் மஞ்சள் நிறம் பார்ப்பது அந்த 99 நாளின் வாரிசு. மஞ்சள் வந்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குளோரின் எல்லாவற்றையும் கொல்லாது. 1993 வசந்தத்தில் அமெரிக்காவின் மில்வாக்கியில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஓட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் ஓரணு உயிர் ஊரின் குழாய்க்குள் போய், ஏறத்தாழ 4 லட்சம் பேரைப் படுக்கவைத்தது. தண்ணீரில் குளோரின் இருந்தது, தவறியது வடிகட்டுதல். அந்த ஓட்டைத் தடுப்பது மணலும் அதன் தோலும்தான். இன்னொரு பக்கம், வடிகட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கிணற்றுக்கும் குடத்துக்கும் நடுவே குழாய் இருக்கிறது. விட்டுவிட்டுத் தண்ணீர் விடும் ஊரில், நீர் நிற்கும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, வெடிப்பு வழியாக வெளியிலுள்ளதை உறிஞ்சும். 2025 ஏப்ரலில் உறையூரில் சில தெருக்களில் வயிற்றுப்போக்கு பரவியபோது, குடிநீரில் கழிவுநீர் கலந்ததாகத்தான் மக்கள் புகார் சொன்னார்கள். அது உண்மையானால் காவிரி மணலுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

கடைசியாக ஆய்வகம். புதுக்கிணற்றின் தண்ணீரைக் குடிக்கலாமா என்று அறிய, பல்குழாய் முறையில் கோலிஃபார்ம் கிருமியைத் தேடினால் முதல் கட்டத்துக்கு 48 மணி நேரம் வரை, சந்தேகப்பட்டதை உறுதிசெய்ய இன்னொரு 48 மணி நேரம் வரை ஆகும். குவாலியரில் பாதுகாப்புத் துறை ஆய்வாளர்கள் 1982-இல் உருவாக்கிய மலிவான பாட்டில் சோதனையும், தண்ணீர் கறுக்கிறதா என்று பார்க்க ஒன்றிரண்டு நாள் கேட்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்புக்கு வர சுமார் மூன்று நாள். அணை திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த பிறகு ஆற்றுக்குள் நிற்கும் கிரேனை, தகரத்தை, ஆட்களைக் கரையேற்ற அந்த மூன்று நாள் போதும். மாதிரி எடுத்து அனுப்பி உறுதியான முடிவு வாங்கப் போதாது.